குறிஞ்சி திரிந்த பாலை: முகாம் கவிதையும் லயக் கவிதையும்

நிலத்தை முதற்பொருளாக வைத்து மனித உணர்வை வகுத்தது தமிழ் மரபு. குறிஞ்சிக்குப் புணர்தலும், முல்லைக்கு இருத்தலும், மருதத்துக்கு ஊடலும், நெய்தலுக்கு இரங்கலும் உரியவை எனக் கண்ட நம் முன்னோர், பிரிவுக்குரிய பாலைக்கு மட்டும் தனி நிலம் வழங்கினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் வாடித் தம் நல்லியல்பு திரிந்த காலத்து அந்நிலமே பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். கீழ்வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடும் இக்கருத்தின் ஆழத்தை நாம் பலகாலம் உணர்வதில்லை. பாலை என்பது வரைபடத்தில் நிலையாக உள்ள ஓர் இடமன்று. நல்ல நிலத்துக்கும் நேரக்கூடிய ஒரு கேடு என்பதே அதன் உட்பொருள்.

நாம் வாழும் ஊவா குறிஞ்சி நிலம். மலையுண்டு; அருவியுண்டு; குறிஞ்சிக் கடவுளாகிய முருகன் உறையும் கதிர்காமமும் இம்மாகாணத்திலேயே உண்டு. ஆயினும் பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வழங்கும் பாட்டுக்களை நோக்குமிடத்து, அவற்றின் அடிநாதம் பிரிவாகவே உள்ளது. குறிஞ்சியிலே பாலை புகுந்தது எங்ஙனம்? புகுந்த பாலையை நம் கவிதை எத்துணைச் செம்மையாகச் சொல்லியிருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, இதே வகைத் துன்பத்துக்கு ஆளான வேறொரு மக்களின் கவிதையை அருகில் வைத்துப் பார்த்தல் பயன்தரும் என்று கருதுகிறேன். அமெரிக்காவில் 1942 முதல் 1946 வரை முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட யப்பானிய வழியினரின் கவிதையே அது.

முள்வேலியும் ஊவாவும்

முள்வேலி முகாம் நம் மாகாணத்துக்குப் புதிய காட்சியன்று. தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர் சுமார் 5,000 பேரை ஆங்கில அரசு 1900ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணர்ந்தது. அவர்களுக்கென அமைந்த முகாம்களில் தலையாயது தியத்தலாவை. 1902இற் போர் முடிந்ததும் அவர்கள் கப்பலேறினர். 1914இலும் மீண்டும் 1939இலும் இலங்கையிலிருந்த ஜேர்மானியர் அதே தியத்தலாவையிற் காவலில் வைக்கப்பட்டனர். பௌத்த துறவு பூண்டு இந்நாட்டில் வாழ்ந்த ஞானதிலோக தேரரையும் ஞானபோனிக தேரரையும் சீவர ஆடை காக்கவில்லை. பிறந்த நாட்டின் பெயரே அவர்தம் குற்றமாயிற்று. ஞானபோனிகர் பின்னர் வட இந்தியாவிலுள்ள டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டார். காவலில் இருந்த அவ்வாண்டுகளிலேயே சுத்தநிபாதத்தை ஜேர்மன் மொழியிற் பெயர்க்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார்.

எனினும் இவர்கள் அனைவரும் பகை நாட்டுக் குடிகள் என்ற ஒரு சாட்டாவது அரசினரிடம் இருந்தது. தன் நாட்டிற் பிறந்த குடியையே அந்நியன் என்று அடைத்த கொடுமைக்கு வேறிடம் செல்லவேண்டும்.

பாலையிலே எழுந்த ஊர்கள்

1941 திசெம்பர் 7ஆந் திகதி யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ற் ஒரு நிருவாகக் கட்டளையிற் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வழியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் தம் வீடும் வயலும் கடையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அவருள் மூன்றிலிரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணிற் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தோர். எஞ்சியோர் கடல் கடந்து வந்த மூத்த தலைமுறையினர். எத்தனை ஆண்டு வாழினும் குடியுரிமை பெற அவர்களைச் சட்டம் அனுமதிக்கவில்லை; அத்தடை நீங்கியது 1952இலேயே. கையிற் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, குடும்ப எண் எழுதிய அட்டையை மேலாடையிற் கட்டிக்கொண்டு அவர்கள் வண்டியேறினர். பந்தயக் குதிரை லாயங்களிற் சிலகாலம் தங்கியோரும் உளர். பின்னர் மன்சனார், ரூலி லேக், போஸ்டன், தோப்பாஸ், மினிடோக்கா முதலிய பத்து முகாம்களிற் குடியேற்றப்பட்டனர். இவற்றுட் பெரும்பாலானவை வறண்ட மேட்டு நிலத்திலும் மணற்காட்டிலும் அமைந்தவை. ஆகவே பாலை அங்கே உவமையன்று. கண்ணுக்குள் விழும் மணலாகவே இருந்தது.

இம்முகாம்களிலிருந்து இருவேறு கவிதைகள் பிறந்தன. ஒன்று மூத்தோர் தம் தாய்மொழியில் எழுதியது. போருக்கு முன்னரே கலிபோர்ணியாவிற் குறுங்கவிதைக் கழகங்கள் இருந்தன. பதினேழு அசையென்ற கட்டையும் பருவச் சொல் வேண்டுமென்ற கட்டையும் தளர்த்திய புதிய முறையில் உழவரும் கடைக்காரரும் இல்லத்தரசிகளும் அங்கே எழுதிவந்தனர். முகாமிற் புகுந்த பின்னும் அவர்கள் கூடினர், எழுதினர், ஒருவர் கவிதையை மற்றவர் திருத்தினர். அக்கவிதைகளிற் பல அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி ஆங்கிலத்திற் பெயர்த்து 1997இல் ஒரு பெருந்தொகையாக வெளியிட்டவர், தாமும் ரூலி லேக் முகாமில் இருந்த வயலற் கசுவே டி கிறிஸ்தோபரோ என்ற அம்மையார்.

மற்றொன்று இளைய தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதியது. மினிடோக்கா முகாமில் இளம்பெண்ணாய் இருந்த மிற்சுயே யமடா தம் ‘முகாம்க் குறிப்புகள்’ என்ற தொகுதியை 1976இல் வெளியிட்டார். நான்கு வயதிற் பெற்றோருடன் அடைக்கப்பட்ட லோசன் புசாவோ இனாடா ‘முகாமின் பழங்கதைகள்’ என்ற தொகுதியை 1992இல் வெளியிட்டார். முகாமுக்கும் நூலுக்கும் இடையே முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சென்றிருத்தலை மாணவர் கருத்திற் கொள்வாராக. துன்பம் பேசத் தொடங்குமுன் நெடுங்காலம் மௌனமாய் இருக்கும் போலும்.

இக்கவிதைகளின் பொதுப்பண்பு யாது? சினத்தை நேரே சொல்லாமை. மூத்தோர் கவிதையில் அரசியற் சொல் அரிது. தூசு, காவற் கோபுரத்து விளக்கு, உணவுக்கூட மணி, வேலியோரத்துக் காட்டுப்பூ, விண்மீன் என்று ஏதேனும் ஒரு பொருள் நம் முன் வைக்கப்படுகிறது, அவ்வளவே. பூ வேலிக்கு இருபுறமும் பூக்கிறது என்று காணும் ஒருவர், தாம் ஒருபுறத்தில் மட்டும் நிற்பதைச் சொல்லவேண்டியதில்லை. தொல்காப்பியர் இறைச்சி என்று வகுத்த உத்தியை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கருப்பொருளைச் சொல்லி அதன் புறத்தே உரிப்பொருளைத் தோன்றவைத்தல் சங்கப் புலவர் கைகண்ட முறையன்றோ?

யமடாவின் கவிதை வேறு வகையிற் கூரியது. வெளியேற்ற நாளிற் பேருந்தில் ஏறும் பெண்ணைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் சிரிக்கச் சொல்கிறார். அடக்கமுள்ள பெண்ணாகையால் அவள் சிரிக்கிறாள். மறுநாட் பத்திரிகை அச்சிரிப்பையே பகைநாட்டுக்கு ஒரு பாடமாக அச்சிட்டு மகிழ்கிறது. கவிஞர் இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கீழ்ப்படிதலே ஒருவருக்கு எதிரான சான்றாக மாறும் விந்தையை இத்துணைச் சிறிய இடத்தில் அடக்கிய கவிதைகள் சிலவே. இனாடாவோ குழந்தையின் கண்ணாற் பார்க்கிறார். தண்ணீர் வண்டியின் பின்னே சென்று வழிதவறிப் போன ஒரு சிறுவன் அவர் கதைகளில் வருகிறான். எல்லா வரிசையும் ஒரே மாதிரியான ஊரிற் குழந்தை வழிதவறாது என் செய்யும்?

இது எந்தத் தோட்டம்?

மன்சனார் முகாமை அன்செல் அடம்ஸ் என்ற புகழ்பெற்ற படக்கலைஞர் 1943இற் படம்பிடித்தார். அப்படங்களுள் ஒன்றை ஒருமுறை வகுப்பிற் காட்டினேன். பின்னே பெருமலை, முன்னே ஒரே அளவான நீண்ட கொட்டில்கள் வரிசை வரிசையாய். நான் விளக்கம் தொடங்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சேர், இது எந்தத் தோட்டம்?” என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் ஆயத்தம் செய்திருந்த பாடம் முழுவதும் அந்த ஒரு வினாவில் அடங்கிவிட்டது.

அவள் கண் பிழை செய்யவில்லை. முகாமின் கொட்டில் 20 அடி அகலமும் 100 முதல் 120 அடி நீளமும் உடையது. குறுக்கே தடுத்துக் குடும்பத்துக்கு ஓர் அறை. நம் லயமோ பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மக்கள் வாயில் வழங்கும் அளவு. அங்கே உணவுக்கு மணி. இங்கே பிரட்டுக்குத் தப்பு. அங்கே ஆடையிற் கட்டிய எண்; இங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்கட்டி அழைத்துவரப்பட்டோர் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லையோடு வந்தனர். கடன் தீர்ந்ததென்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இன்றித் தொழிலாளி வேறு தோட்டம் மாற இயலாதிருந்தது. அம்முறை 1921இலேயே ஒழிந்தது.

ஆயினும் ஆய்வாளர் கடமை ஒற்றுமை கண்டு மயங்குவதன்று. லயம் முகாமன்று. அதைச் சுற்றி முள்வேலியில்லை. துப்பாக்கி ஏந்திய காவலன் இல்லை. சம்பள நாளிற் பதுளைக் கடைவீதிக்கு இறங்கி வரலாம். ஆடியிற் கதிர்காமம் போகலாம். மாரியம்மன் திருவிழாவிற் காமன் கூத்தைப் போலவே ஆட்டமும் பாட்டும் உண்டு. லயத்தை முகாம் என்று முழங்கும் மேடைப் பேச்சு முகாமில் வதிந்தோர் துயரையும் குறைக்கும். லயத்தில் வாழ்ந்தோர் ஆக்கிய வாழ்வையும் மறைக்கும். ஒப்புமை வீட்டின் வடிவில் இல்லை. அவ்வீட்டில் வாழ்ந்தோரை அரசு அழைத்த பெயரிலேயே உள்ளது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதையடுத்து 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், வாக்குரிமைத் திருத்தமும் சேர்ந்து மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததைச் சான்று காட்டி நிறுவ வேண்டும் என்றது 1949ஆம் ஆண்டுச் சட்டம். சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டவை அவற்றுட் சிறு பங்கே. அமெரிக்க முகாம்களிலும் 1943இல் ஒரு வினாப்பத்திரம் வழங்கப்பட்டது. யப்பானிய மன்னர்பால் உள்ள விசுவாசத்தைக் கைவிடுவீரா என்று அது வினவிற்று. அமெரிக்கக் குடியுரிமை மறுக்கப்பட்ட மூத்தோர் ‘ஆம்’ என்றால் எந்நாட்டுக்கும் உரியவரல்லராவர். ‘அன்று’ என்றால் பகைவராவர். வாழ்நாளை ஒரு கடதாசியில் நிறுவும்படி மனிதரைக் கேட்பதில் இரு அரசுகளும் ஒத்திருந்தன.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் செய்த உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. தமையன் ஒரு கணக்கிலும் தங்கை மறு கணக்கிலும் விழுந்த குடும்பங்கள் பல. பதுளையிலும் தெமோதரையிலும் புகைவண்டியேறித் தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியோருக்குப் பிரிவு என்பது இலக்கணச் சொல்லன்று.

லயத்தின் பாட்டு

இனி, இவ்வாழ்விலிருந்து எழுந்த பாட்டை நோக்குவோம். தோட்டத்தைப் பாடிய பழைய அச்சு நூல்களுள் ஒன்று ஆபிரகாம் ஜோசப் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி. அது வெளிவந்த ஆண்டு 1869. கும்மி மெட்டிற் பயிர்த்தொழிலை விளக்கும் அந்நூல் மலையைத் தோட்ட நிருவாகத்தின் கண்ணாற் பார்க்கிறது. விதியின் விளையாட்டு, அதே ஆண்டிலேயே நம் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. கும்மி புகழ்ந்த பயிர் இருபதாண்டுக்குள் அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை.

அலுவலக வாசலில் நின்று பாடிய அக்கும்மியின் எதிரே, இஸ்தோப்பிலும் பீலிக்கரையிலும் கொழுந்து மலையிலும் மக்கள் பாடிய வாய்மொழிப் பாட்டுக்கள் உள்ளன. அவற்றைத் திரட்டிய பெருமை சி. வி. வேலுப்பிள்ளைக்கு உரியது. தோட்டத்திற் பிறந்து, 1947இற் பாராளுமன்றம் சென்று, வாக்குரிமை இழந்த மக்களோடு தாமும் நின்ற அவர் சேர்த்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று.

அப்பாட்டுக்களுள் ஒன்று தொலைவிலுள்ள ஒரு மலையைச் சுட்டுகிறது. அம்மலையிற் செய்த வேலையைச் சொல்கிறது. நட்ட கன்றைச் சொல்கிறது. அடுத்து, உடன்பிறந்தானை இழந்த மலையும் அதுவே என்று கூறி முடிகிறது. எவ்வாறு இழந்தாள், காய்ச்சலா, பள்ளமா, அடியா என்ற செய்தி இல்லை, அழுகையும் இல்லை. மலை அங்கே தெரிகிறது என்பது மட்டுமே அவள் சொல்வது. நாள்தோறும் கூடையுடன் ஏறும்போதெல்லாம் அது தெரிந்துகொண்டேயிருக்கும் என்பதை நாமே உணர வேண்டும். மற்றொரு பாட்டில், கோப்பிப் பழம் ஒன்று கைதவறியதற்குச் சின்னத்துரையின் உதை விழுகிறது. ஒரு பழத்துக்கு ஓர் உதை என்ற கணக்கைச் சொன்னதோடு பாட்டு நின்றுவிடுகிறது. முகாமின் மூத்தோர் தம் குறுங்கவிதையில் எய்திய அதே அடக்கத்தை, எழுத்தறியாத நம் பாட்டிமார் எவ்விதக் கழகமுமின்றி எய்தியிருக்கிறார்கள். குறிஞ்சி பாலையானதை இவற்றினும் சுருக்கமாகச் சொல்லல் அரிது.

கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940இல் வெளியிட்ட பாடல்கள் மற்றொரு வகை. இந்தியத் தொழிலாளரை நாட்டைவிட்டு அகற்றும் பேச்சு எழுந்த காலம் அது. கூட்டங்களில், அனைவரும் அறிந்த மெட்டில், மக்களை ஒன்றுதிரட்டப் பாடியவை அவை. அவற்றிற் குறிப்புப்பொருள் தேடுவது முறையன்று. முரசுக்கு யாழின் நுண்மை இல்லையென்று குறை கூறலாகாது. அக்காலத்தில் ஒரு பெண் மேடையேறித் தொழிலாளர் உரிமையைப் பாடியதே தமிழுலகிற் பெருநிகழ்ச்சி.

வேலுப்பிள்ளையே 1950களில் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலஐயா தமிழாக்கித் தந்தார். தேயிலைச் செடியின் கீழ் நடுகல்லும் இல்லாது கிடக்கும் முன்னோரை அக்கவிதை நினைவுகூர்கிறது. வீரனுக்கு நடுகல் எடுத்துப் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்தவர்க்கு, பெயர் எழுதப்படாத இறப்பு எத்தகைய இழிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உணர்வு உண்மையானது. ஆகவே அந்தப் படிமமும் உயிருள்ளது.

1965இல் ஈழக்குமார் தொகுத்த ‘குறிஞ்சிப்பூ’ மலையகக் கவிஞர் பலரை ஓரிடத்திற் காட்டிற்று. தோட்டத் தொழிலாளியாகவே வாழ்ந்த குறிஞ்சித் தென்னவனும் ஊவா தந்த தமிழோவியனும் அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டினர். இவர்களை மதித்துக்கொண்டே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவர்களைப் பின்பற்றிப் பின்னே வந்த எழுத்திற் குருதி, வியர்வை, உரம், விடியல் என்ற சொற்கள் மிகுந்தன. ‘எம் உடல் தேயிலைக்கு உரமாயிற்று’ என்ற கருத்து முதன்முறை சொல்லப்பட்டபோது நெஞ்சைச் சுட்டது. நூறாம் முறை சொல்லப்படுகையில் அது எவரையும் சுடுவதில்லை. நம் கல்லூரி மலர்களில் மாணவர் எழுதும் கவிதைகளும் இதற்கு விலக்கல்ல. காலையில் அரைப்பேர் போட்ட கணக்குப்பிள்ளையின் பென்சிலைப் பற்றியோ, மழைநாளிற் கொங்காணியிலிருந்து வழியும் நீரைப் பற்றியோ, கொழுந்து நிறுக்கும் தராசில் ஒவ்வொரு முறையும் கழிக்கப்படும் எடையைப் பற்றியோ நான்கு வரி எழுதுவது அதனினும் கடினம், அதனினும் பயனுடையது. படித்தவர் மறந்த உத்தியைப் படியாதவர் அறிந்திருந்தனர் என்பதே என் முடிபு.

தேதியுள்ள துயரும் தேதியில்லாத துயரும்

இவ்விரு கவிதைகளுக்குமிடையே பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. முகாமுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. இன்ன நாளில் வீட்டைப் பூட்டினோம், இன்ன நாளில் வாயில் திறந்தது என்று கூறலாம். இறுதியாக மூடப்பட்ட ரூலி லேக் முகாம் 1946 மார்ச்சில் மூடப்பட்டது. எனவே முகாம்க் கவிதைக்கு ஒரு ‘முன்’ உண்டு. ஒரு ‘பின்’னும் உண்டு. இழந்த தோட்டம், விற்ற பியானோ, விட்டுவந்த நாய் என்று ஒப்பிட்டுக் காண ஒரு பழைய வாழ்வு அதற்கு இருந்தது.

லயக் கவிதைக்கு அந்த வசதி இல்லை. லயத்திற் பிறந்து லயத்திலே மணந்து லயத்திலே இறந்தவருக்கு ஒப்பிடுவதற்கு எது உண்டு? பிரிவைப் பாடும் பாலைத் திணையிலும் தலைவன் திரும்பும் காலம் குறிக்கப்படும். கார்காலம் வருமென்று தோழி தேற்றுவாள். இங்கே குறித்த பருவம் இல்லை. ஆதலின் லயத்தின் துயர் அறிக்கையாகப் பேசாமல் தாலாட்டாகப் பேசிற்று. விடியற் பிரட்டுக்குமுன் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்ல வேண்டிய தாய், அதை உறங்கவைக்க விரைந்து பாடும் தாலாட்டிலே தந்தை இல்லாததும் பால் இல்லாததும் ஊர் இல்லாததும் புகுந்துவிடுகின்றன. மெட்டு இனியது, பொருள் கொடியது. வேலியே இல்லாத அடைப்பைச் சொல்ல வேண்டியிருத்தலின், நம் கவிஞர் பணி முகாம்க் கவிஞர் பணியினும் கடினமானது.

வரலாறு ஒரு வியத்தகு பொருத்தத்தையும் காட்டுகிறது. 1988 ஓகஸ்ட் 10இல் அமெரிக்க அதிபர் றேகன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். அரசு மன்னிப்புக் கோரிற்று. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் ஈடு வழங்கவும் ஒப்பிற்று. அதே 1988ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம், நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டும் நன்மையே. ஆயினும் ஒன்று தவற்றை ஒப்புக்கொண்டு பேசிற்று; மற்றொன்று உரிமையை வழங்கும் பேச்சாகவே அமைந்தது. பிறந்த மண்ணின் உரிமை தமக்கு மீண்டதா, புதிதாக ஈயப்பட்டதா என்ற வினா நம் கவிதையில் இன்னும் போதிய அளவு எழவில்லை. எழவேண்டும்.

கடதாசி கிடைத்தபின்னும் லயம் நின்றது. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வருவதற்கு வீடு இருக்கவில்லை. எஞ்சியோர் வாழ்ந்த இடம் உண்மையிலேயே ஒரு முகாமாயிற்று. மலையைச் சுட்டி, உடன்பிறந்தானை இழந்த மலை அதுவென்று பாடிய அந்தப் பெயரறியாப் பெண்ணின் பாட்டு, கோப்பிக் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

கேட்போர் யார்?

முகாமின் மூத்தோர் யப்பானிய மொழியில் எழுதியமையால் ஐம்பதாண்டு அவர் குரல் அமெரிக்கருக்குக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைகளின் குரல் முந்திற்று. இங்கும் வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் பாடிய பின்னரே கொழும்பு மேடைகள் லயத்தின் பக்கம் திரும்பின. அவர் பெருமை யாதெனின், ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றதோடு நில்லாது, தமிழில் வழங்கிய தாய்மாரின் பாட்டைத் தேடித் திரட்டியது. டி கிறிஸ்தோபரோ அம்மையார் செய்ததும் அதுவே. தம் கவிதையை மட்டும் காப்பாற்றாது, தம்மோடு கூடியிருந்து எழுதியோர் அனைவரின் கவிதையையும் காப்பாற்றினார்.

ஆகவே மாணவருக்கு ஒரு வேண்டுகோள். லுணுகலையிலும் பசறையிலும் அல்துமுல்லையிலும் எண்பது வயது கடந்த பாட்டிமார் இன்னும் உளர். பேரப்பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அவர்கள் பாடுவதைக் கேட்க எவருமில்லை. விடுமுறையில் அவர்கள் அருகில் அமருங்கள். பாடச் சொல்லுங்கள். சொல்லைத் திருத்தாதீர்கள், ‘பெரட்டு’ என்றால் ‘பெரட்டு’ என்றே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எப்போது பாடியது, நாற்று நடும்போதா, ஒப்பாரியிலா, தாலாட்டிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெட்டைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்யுங்கள். அதன்பின் நீங்களும் எழுதுங்கள்.

ஆடி ஆவணியில் ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். புல் கருகும், பீலியில் நீர் மெலியும். அந்த வறட்சி கொழுந்தை வாட்டும் வாரங்களிலேதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனிமணம் ஏறுகிறது என்பதை நம் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் அறிவர். அம்மணத்துக்கு உலகச் சந்தை உயர்ந்த விலை கொடுக்கிறது. அக்கொழுந்தைக் கிள்ளியவள் பாடிய பாட்டை எழுதிவைக்கும் கடன் சந்தைக்கு இல்லை, நமக்கு உண்டு.